புதினம் பார்த்தல்: தெரியாத சனத்தைப் பார்ப்பது ஏன் அலுப்பதில்லை?

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் அரை மணித்தியாலம் நின்ற ஒருவரிடம் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டால், "சும்மாதான் நின்றேன்" என்பார். அவர் சும்மா நிற்கவில்லை. எந்தக் குழந்தை அழப்போகிறது, கச்சான் விற்பவர் எந்தப் பஸ்ஸில் முதலில் ஏறுவார், மினி பஸ் கொண்டக்டர் யாருடைய முகத்தைப் பார்த்து "ஏறுங்கோ ஏறுங்கோ" என்கிறார், அந்த வயதான சோடி ஏன் நாலடி தள்ளித் தள்ளி நிற்கிறது என்றெல்லாம் அவருடைய கண் ஓயாமல் வேலை செய்திருக்கும். காசு செலவில்லை, கருவி தேவையில்லை, ஆனாலும் அரை மணித்தியாலம் போனது தெரியவில்லை.

இதைப்பற்றி மூன்று குழப்பங்கள் உண்டு. இது ஏன் இவ்வளவு சுகமாக இருக்கிறது? இப்படிப் பார்த்துப் பார்த்து நாம் கண்டுபிடிக்கிற ஒழுங்குகள் உண்மையானவையா, மனக்கணக்கா? அடுத்தவரைப் பார்ப்பது சரியா, சரியென்றால் எதுவரை? ஒவ்வொன்றாக எடுப்போம். அதற்கு முன்பு சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பாதிக் குழப்பம் சொல்லில்தான் இருக்கிறது.

ஒரு பார்வை, மூன்று பெயர்

யாழ்ப்பாணத்துப் பேச்சில் இதற்கு மூன்று சொற்கள் புழங்குகின்றன. மூன்றையும் ஒன்றாகக் கலந்து பேசுகிறோம், ஆனால் மூன்றும் வேறு வேறு.

1. பிராக்கு. பராக்கு என்பதன் பேச்சு வடிவம். "பிராக்குப் பாராமல் ரோட்டைப் பார்த்து நட" என்று பிள்ளையைக் கண்டிக்கும்போது வருவது. கண் திறந்திருக்கிறது, கவனம் எங்கோ அலைகிறது.

2. புதினம். ஏதோ நடக்கிறது, அதைப் பார்க்கிறோம். சந்தியில் இரண்டு பேர் சத்தம் போடுகிறார்கள், லொறியிலிருந்து மூட்டை இறங்குகிறது, கல்யாண வீட்டு வான் ஒன்று ஒழுங்கைக்குள் திரும்பமுடியாமல் நிற்கிறது. பார்ப்பவருக்கு அவர்கள் யார் என்பது தேவைப்படுவதில்லை, நடப்பதுதான் முக்கியம்.

3. விடுப்பு. "ஆர் அது? ஆற்ர பிள்ளை? ஏன் இந்த நேரத்தில இங்க?" நடப்பதிலிருந்து ஆளுக்குக் கவனம் தாவிவிட்டது. கண்டதை இன்னொருவரிடம் போய்ச் சொல்லவேண்டும் என்ற அரிப்பும் கூடவே வரும்.

இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் இருப்பது ஒரே ஒரு கேள்வி: "ஆர் அது?" இந்தக் கட்டுரை புதினத்தின் பக்கம் நிற்கிறது. சனத்தைப் பார்ப்பதில் உள்ள இன்பம் முழுவதும் அந்த இரண்டாம் படியிலேயே கிடைத்துவிடுகிறது, மூன்றாம் படிக்குப் போகிறவர் கூடுதலாக எதையும் காண்பதில்லை, பெரும்பாலும் பிழையாகக் காண்கிறார் என்பதுதான் இங்கே சொல்லவருவது.

கண் முதலில் எதைப் பிடிக்கிறது?

முகத்தை என்று நினைப்போம். ஆனால் முகம் தெரியாத தூரத்திலேயே நாம் ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறோம். ஒழுங்கை முடக்கில் சைக்கிள் திரும்பும்போதே, இடது தோள் கொஞ்சம் சரிந்திருப்பதையும் மிதிக்கிற தாளத்தையும் வைத்து "மாமா வாறார்" என்று வீட்டுப் பிள்ளை சொல்லிவிடும்.

இதைச் சோதித்தவர் சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் ஜொஹான்சன். 1973இல் அவர் வெளியிட்ட ஆய்வில், ஆட்களின் தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் போன்ற மூட்டுகளில் சின்னச் சின்ன ஒளிப்புள்ளிகளைப் பொருத்தி, இருட்டில் நடக்கவிட்டுப் படம் பிடித்தார். படம் நின்றிருக்கும்போது பார்த்தால் வெறும் புள்ளிகள். அசையத் தொடங்கியதும், ஒரு விநாடிகூட ஆகுமுன், மனிதர் நடக்கிறார் என்று பார்ப்பவர்கள் சொன்னார்கள். 1977இல் அமெரிக்காவில் கட்டிங், கொஸ்லோவ்ஸ்கி என்ற இருவர் இன்னும் ஒரு படி போனார்கள். அதே மாதிரி அசைவை மட்டும் காட்டினார்கள், தங்கள் நண்பர்களைச் சிலர் அதிலிருந்தே இனங்கண்டார்கள், குருட்டாம்போக்கில் சொல்லியிருந்தால் சரியாக வந்திருக்கக்கூடிய அளவைவிடக் கூடுதலாக.

ஆகவே சனத்தைப் பார்க்கும் திறமை சிலருக்கு மட்டும் வாய்த்த ஒன்று இல்லை. மனிதர் அசைவைப் படிப்பதற்கான ஏற்பாடு கிட்டத்தட்ட எல்லோரிடமும் இருக்கிறது. தெருவில் நிற்பது அதற்குத் தீனி போடுவதுதான்.

பார்த்தும் பாராததுபோல்

அடுத்தது ஒரு சமூகவியல் சொல். இர்விங் கோஃப்மன் 1963இல் விவரித்தது. தெரியாதவர்கள் இருவர் தெருவில் எதிர்ப்படும்போது ஒருகணம் பார்க்கிறார்கள், கிட்ட வந்ததும் கண்ணைத் தாழ்த்திக்கொள்கிறார்கள். அந்த ஒருகணப் பார்வை "நீ இருப்பது எனக்குத் தெரிகிறது" என்கிறது, கண்ணைத் தாழ்த்துவது "உன்னிடம் எனக்கு வேலை இல்லை" என்கிறது. இதை நாகரிகமான பாராமுகம் என்று தமிழில் சொல்லலாம்.

கொழும்பில் வெள்ளவத்தை காலி வீதியில் நடந்தால் இது அப்படியே நடப்பதைப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்தில் அந்தப் பார்வை கொஞ்சம் நீளும். எதிரே வருபவர் தெரிந்தவராக, அல்லது தெரிந்தவரின் சொந்தக்காரராக இருப்பதற்கு இங்கே வாய்ப்பு அதிகம், பாராமல் போனால் "கண்டும் காணாத மாதிரிப் போறான்" என்ற பழி வரும். அதனால் கண் அவசரப்பட்டுத் தாழாது. ஊருக்குள் இன்னும் போனால் பார்வையோடு நிற்காமல் "தம்பி எவடம்?" என்று கேட்டேவிடுவார்கள். கேட்பவர் வெளியூர்க்காரருக்குத் துருவுகிறவர்போலத் தோன்றலாம், ஆனால் அவருக்கோ பேசாமல் இருப்பதுதான் மரியாதைக் குறைவு.

பார்ப்பதற்கு என்றே இடமும் கட்டிவைத்திருக்கிறோம். வீடுகளைக் கிடுகு வேலியும் பின்னர் உயர்ந்த மதிலும் மறைத்தன. உள்ளே இருப்பவர் தெருவைப் பார்க்க வேலிப் பொட்டுத்தான். அதற்கு எதிர்மாறாக, பருத்தித்துறையில் இருக்கும் தெருமூடி மடத்தைப் பாருங்கள். தெருவின் மேலேயே கூரை போட்டு, இரண்டு பக்கமும் கல் திண்ணை வைத்து, நடுவால் போக்குவரத்தை விட்டிருக்கிறார்கள். வெயிலுக்கு ஒதுங்கியவர் திண்ணையில் இருந்தால், ஊர் முழுவதும் அவருடைய முழங்காலுக்கு முன்னால் கடந்துபோகும். பார்க்கிறவரும் பார்க்கப்படுகிறவரும் ஒரே நிழலில். இதைவிடக் கருணையான ஒரு கட்டிடத்தை எனக்குத் தெரியாது.

கண்ணில் படும் சில ஒழுங்குகள்

ஒழுங்கு என்று இங்கே சொல்வது, யாரும் சொல்லிக்கொடுக்காமல், ஒருவரையொருவர் தெரியாத பலர் ஒரே மாதிரிச் செய்வதை. நீங்களே போய்ச் சரிபார்க்கக்கூடியவற்றை மட்டும் எடுத்திருக்கிறேன்.

1. போய்வாறன் என்று சொன்ன பிறகு தொடங்கும் கதை. சந்தை வாசலில் இருவர் சந்திக்கிறார்கள். சுகம் விசாரித்து, "சரி, அப்ப வாறன்" என்று ஒருவர் சைக்கிள் மிதியில் காலை வைக்கிறார். கதை முடியாது. இன்னொரு "சரி" வரும், மற்றக் கால் நிலத்தில்தான் இருக்கும். மூன்றாவது "வாறன்" அளவில்தான் உண்மையில் சொல்ல நினைத்த விஷயம் வெளியே வரும், கடன், கல்யாணப் பேச்சு, ஆஸ்பத்திரிச் செய்தி. இவ்வளவும் சனம் நெரிந்து வரும் வாசலில் நடுவில் நின்றபடியே. இரண்டடி தள்ளி இடம் இருந்தாலும் போகமாட்டார்கள். நமக்கு மட்டும் உள்ள பழக்கம் என்று எண்ணவேண்டாம். 1970களில் நியூயோர்க் தெருக்களைக் கமரா வைத்துப் பல மாதங்கள் பதிவு செய்த வில்லியம் வைட், நின்று கதைப்பவர்கள் சன நெரிசலின் நடுவிலும் தெரு முடக்கிலும்தான் நிற்கிறார்கள், ஒதுக்குப்புறத்துக்குப் போவதில்லை என்று கண்டார். அவருக்கே அது எதிர்பாராதது. ஒதுங்கிப் போனால் "உட்கார்ந்து கதைப்போம்" என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். வழியில் நின்றால் எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம் என்ற சுதந்திரம் இருவருக்கும் இருக்கிறது, அந்தச் சுதந்திரம் இருப்பதால்தான் அவ்வளவு நேரம் நிற்கவும் முடிகிறது.

2. முதல் செருப்பு. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கோயில் சுற்றாடலில் காலை வேளையில் போய்ப் பாருங்கள். ஒருவர் ஒரு மரத்தடியில் செருப்பைக் கழற்றி வைக்கிறார். பக்கத்தில் இன்னொரு சோடி. கொஞ்ச நேரத்தில் அது ஒரு குவியல். பத்தடி தள்ளி அதே மாதிரி மரத்தடி வெறுமையாகக் கிடக்கும். சைக்கிள் சாத்துவதும் இப்படித்தான். இதன் அடிப்படையை ஸ்டான்லி மில்கிராமும் உடன் ஆய்வாளர்களும் 1969இல் எண்ணிக் காட்டினார்கள். நியூயோர்க் தெருவொன்றில் ஒரே ஒருவர் நின்று ஆறாம் மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தபோது, கடந்துபோனவர்களில் 4 வீதம் பேர்தான் அவரோடு நின்றார்கள். 15 பேர் நின்று பார்த்தபோது 40 வீதம் பேர் நின்றார்கள். நின்றவர்களையும் நடந்தபடியே பார்த்தவர்களையும் சேர்த்தால், அண்ணாந்து பார்த்தவர்கள் 86 வீதம். ஜன்னலில் பார்க்கும்படியாக எதுவுமே இல்லை. தெரியாத இடத்தில் மற்றவர் செய்வதுதான் நமக்குக் கிடைக்கும் முதல் தகவல்.

3. யார் கடலைப் பார்க்கிறார்? குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுக்குப் போகும் யாத்திரிகர் ஒரு பக்கம், நெடுந்தீவுக்குத் திரும்பும் ஊர்ச்சனம் ஒரு பக்கம். உடுப்பை வைத்துப் பிரிக்க முயன்றால் குழம்பும். கண் போகும் திசையைப் பாருங்கள். புதிதாக வந்தவர் கடலைப் பார்க்கிறார், ஊர்க்காரர் தன் மூட்டையையும் படகையும் பார்க்கிறார். அரிசி மூட்டை, மண்ணெண்ணெய்க் கான், கோழித்தீவனம், எது எங்கே ஏறுகிறது என்பதில்தான் அவருடைய சிந்தனை. கடல் அவருக்கு ரோட்டு.

4. கம்பத்து நிழல். சித்திரை வெயிலில், கூரையில்லாத பஸ் தரிப்பில், மின்கம்பத்தின் ஒல்லி நிழலில் ஒருவர் பின் ஒருவராக நிற்பார்கள். கியூவுக்கு நிற்காத சனம் நிழலுக்கு நிற்கும்.

5. மழை. மாரி மழையின் முதல் துளி விழுந்ததும் மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் கடைத் தாழ்வாரங்களுக்குள் புகுந்துவிடும். அதுவரை ஒருவரையொருவர் பாராத ஆட்கள் அங்கே கதைக்கத் தொடங்குவார்கள். "இண்டைக்கு விடாது போல" என்பதுதான் பெரும்பாலும் முதல் வசனம். வைட் இதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார்: தெரியாத இருவருக்கு இடையில் மூன்றாவதாக ஒரு பொருள் வந்துவிட்டால், அதைச் சாட்டி அவர்கள் பேசலாம். கூத்தாடி, சிலை, விபத்து, எதுவும் அந்த மூன்றாவது ஆகலாம். நம் ஊரில் மழையும் மின்வெட்டும் அந்த வேலையை நன்றாகச் செய்கின்றன.

இன்பம் எங்கிருந்து வருகிறது?

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். பதில் ஒரு சொல்லில்: ஊகம். மூளை அடுத்து நடக்கப்போவதை ஓயாமல் ஊகித்துக்கொண்டே இருக்கும் உறுப்பு. ஊகம் சரியாவதும் அதற்குச் செய்தி, பிழைப்பதும் செய்தி. வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளிடம் செய்த சோதனைகளை வைத்து 1997இல் அவரும் இன்னும் இருவரும் எழுதிய கட்டுரை இதில் முக்கியமானது. எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது டொபமின் நரம்பணுக்கள் துள்ளின. விளக்கு எரிந்தால் சாறு வரும் என்று குரங்கு பழகிய பிறகு, சாறு வரும்போது துள்ளவில்லை, விளக்கு எரியும்போதே துள்ளின. விளக்கு எரிந்தும் சாறு வராதபோது, வழக்கமான அளவுக்கும் கீழே இறங்கின. அதாவது அந்த அணுக்கள் பரிசைவிட, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள இடைவெளியையே கணக்கிடுகின்றன. குரங்கின் சாற்றிலிருந்து பஸ் நிலையத்துக்கு நேர்கோடு போட்டுவிட முடியாது, ஆனால் இந்த இடைவெளி என்ற எண்ணம் தெருவைப் பார்ப்பதை விளங்கிக்கொள்ள நன்றாக உதவுகிறது.

முழுக்கத் தெரிந்த விஷயம் அலுக்கும். மின்விசிறி சுற்றுவதை யார் பார்த்துக்கொண்டிருப்பார்? கொஞ்சமும் ஊகிக்கமுடியாததும் அலுக்கும், தெரியாத மொழி வானொலிபோல. தெரு இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. இதை விளங்கிக்கொள்ள நமக்கு விஞ்ஞானம்கூடத் தேவையில்லை, கோயில் வீதியில் நடக்கும் தவில் சமா போதும். தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தி வாழ்ந்த மண்ணில் இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கேட்பவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறார், தாளம் அவருக்குத் தெரியும். தவில்காரர் அதை விட்டு விலகி, குறுக்கே வெட்டி, இனித் திரும்பவே மாட்டார் என்ற இடத்திலிருந்து சரியாக வந்து சேரும்போது, "ஆஹா" என்று கூட்டம் தலையாட்டுகிறது. தாளம் தெரியாதவருக்கு அந்த ஆஹா இல்லை. தெருவும் அப்படித்தான். பத்து நாள் ஒரே இடத்தில் நின்றவருக்குத்தான் தாளம் பிடிபடும், பதினோராம் நாள் யாராவது அதை மீறும்போது அவருக்கு மட்டும் அது தெரியும். புதிய புதிய இடங்களுக்கு ஓடிப் போய்ப் பார்ப்பதைவிட ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது கூடுதல் சுகம் தருவதற்குக் காரணம் இதுதான் என்பது என் துணிபு.

பேரம் பேசுவதை எடுங்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் விலை கேட்டவர் பையை நிலத்தில் வைத்துவிட்டால் வாங்கப்போகிறார் என்று ஊகிக்கலாம். பை கையிலேயே ஆடிக்கொண்டிருந்தால் போகப்போகிறார். போகிறவர் இரண்டடி எடுத்துவைக்கிறார், வியாபாரி எந்த அடியில் "சரி அக்கா, வாங்கோ" என்று கூப்பிடுவார்? மூன்றாம் அடியா, நாலாம் அடியா, கூப்பிடாமலே விடுவாரா? அந்த இரண்டு விநாடிக்குள் பார்ப்பவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார், அந்தக் கத்தரிக்காயோடு அவருக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாவிட்டாலும்.

பெயர் தெரியாத பழகிய முகங்கள்

இன்பத்துக்கு இன்னொரு ஊற்றும் உண்டு, அது மெதுவானது. தினமும் ஒரே பஸ்ஸில் வருபவர், ஆஸ்பத்திரி வீதியில் அதே நேரம் அதே பக்கத்தால் நடக்கும் தாதி, பெயர் தெரியாது, ஒரு சொல் கதைத்ததில்லை, ஆனாலும் ஒருநாள் காணாவிட்டால் ஏதோ குறைகிறது. மில்கிராம் 1972இல் இவர்களுக்குப் பழக்கப்பட்ட அந்நியர் என்று பெயர் வைத்தார். ரயில் நிலையத்தில் காத்து நின்றவர்களைப் படமெடுத்து, அதே ஆட்களிடம் பிறகு காட்டிக் கேட்டபோது, பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது பேருக்கு அப்படி ஒருவரையாவது தெரிந்திருந்தது. திரும்பத் திரும்பக் கண்ணில் படுவதே ஒன்றைப் பிடிக்கவைக்கும் என்பதை ரொபேட் சயன்ஸ் 1968இல் காட்டியிருந்தார்.

மில்கிராம் சொன்ன இன்னொன்று நமக்கு நன்றாகப் பொருந்தும். இப்படிப்பட்ட இருவர் வழக்கமான இடத்தை விட்டுத் தூரத்தில் சந்தித்தால் பேசிக்கொள்வதற்கு வாய்ப்பு அதிகம். யாழ்ப்பாணத்தில் பத்து வருடம் ஒரே பஸ்ஸில் வந்தும் சிரித்திராத இருவர், கொழும்பு கோட்டை ரயில் நிலையத்தில் கண்டால் "நீங்கள் யாழ்ப்பாணம்தானே?" என்று சொந்தக்காரர்போலக் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். லண்டனிலோ டொராண்டோவிலோ என்றால் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொல்லும் அளவுக்குப் போகும்.

இந்த முகங்களின் பெறுமதி அவை இல்லாமற் போகும்போதுதான் தெரியும். 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் போரால் இடம்பெயர்ந்து லட்சக்கணக்கில் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. அடுத்த வருடம் ஒரு பகுதியினர் திரும்பினார்கள், ஒரு பகுதியினர் வன்னிக்குப் போனார்கள், வேறு சிலர் நாட்டையே விட்டுப் போனார்கள். சொந்தக்காரரையும் அயலவரையும் தேடலாம், பெயர் சொல்லி விசாரிக்கலாம். சந்தி மதகில் எப்போதும் குந்தியிருந்த கிழவர், ஏழரை மணிக்குச் சிவப்புக் குடையோடு போன ரீச்சர், இவர்களை என்ன சொல்லி விசாரிப்பது? யாரிடம்? பெயர் இல்லாத இழப்புக்குக் கணக்கும் இல்லை. ஒரு ஊர் ஊராக இருப்பதில் பாதி இந்தப் பெயர் தெரியாதவர்களால் ஆனது என்பதை நாம் போதிய அளவு பேசவில்லை என்று நினைக்கிறேன்.

எங்கே பிழைக்கிறது?

சரி, கண்ட ஒழுங்குகள் எவ்வளவு நம்பத்தக்கவை? நல்லூர்த் திருவிழாவை வைத்தே பார்ப்போம். 25 நாள் திருவிழா, வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் ஏராளம். "வெளிநாட்டுக்காரரைப் பார்த்த உடனே சொல்லிவிடுவேன்" என்று சொல்லாதவர் இங்கே இல்லை. கையில் தண்ணீர்ப் போத்தல், சுடுமணலில் காலைத் தூக்கித் தூக்கி வைப்பது, ரோட்டைக் கடக்கத் தயங்குவது, பிள்ளைகள் வேறு மொழியில் சண்டை போடுவது. அடையாளங்கள் சரியாகவே இருக்கலாம். ஆனால் இதில் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன.

1. தவறவிட்டது கணக்கில் வராது. நீங்கள் உள்ளூர் என்று நினைத்துக் கடந்துபோன ஆள் நேற்றுத்தான் பாரிசிலிருந்து வந்தவராக இருக்கலாம். அது உங்களுக்குத் தெரியவே வராது. கண்டுபிடித்த பத்துப் பேர் மட்டும் நினைவில் நிற்பதால் பத்துக்குப் பத்து என்று தோன்றுகிறது. மூன்று ஓட்டைகளில் மிகப் பெரியது இதுதான், ஏனென்றால் எவ்வளவு அனுபவம் வந்தாலும் இது தானாக அடைபடாது.

2. ஒத்துவருவதையே தேடுகிறோம். 1960இல் பீட்டர் வேசன் என்பவர் 2, 4, 6 என்ற எண்களைக் கொடுத்து, இதற்குப் பின்னால் உள்ள விதியைக் கண்டுபிடியுங்கள், வேறு மூன்று எண்கள் சொல்லிச் சோதித்தும் பாருங்கள் என்றார். பலர் 8, 10, 12 என்று தங்கள் ஊகத்துக்கு ஒத்துவரும் எண்களையே சொன்னார்கள், இரண்டிரண்டாகக் கூடுகிறது என்று முடிவுகட்டினார்கள். உண்மை விதி, ஏறுவரிசையில் இருந்தால் போதும் என்பதுதான். 1, 2, 3 என்று ஒருதடவை சொல்லிப் பார்த்திருந்தால் பிடிபட்டிருக்கும்.

3. நிலைமையைக் குணமாக வாசிக்கிறோம். பஸ்ஸில் முகத்தைச் சுளித்துக்கொண்டு இருக்கும் பெண்ணைப் பார்த்து "சரியான பெருமை" என்கிறோம். அவருக்குத் தலையிடி, அல்லது ஆஸ்பத்திரியில் தாயை விட்டுவிட்டு வருகிறார். லீ ரொஸ் 1977இல் இதற்கு அடிப்படைப் பிழை என்றே பெயர் வைத்தார்: மற்றவர் செய்வதற்கு அவருடைய குணத்தையே காரணமாகச் சொல்கிறோம், அவருடைய சூழ்நிலையைக் குறைத்து எடைபோடுகிறோம்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். "இந்த வாசலில் சனம் நடுவில் நிற்கிறது" என்பது பிழைப்பதற்கு இடம் குறைவு, நாளைக்கும் போய் எண்ணிப் பார்க்கலாம். "இந்த ஆள் இப்படிப்பட்டவர்" என்பது பிழைப்பதற்கு எல்லா வழியும் திறந்தது, சரிபார்க்கவும் முடியாது. இடத்தைப் பற்றிய ஒழுங்கு புதினம், ஆளைப் பற்றிய தீர்ப்பு விடுப்பு.

பார்வைக்கு இங்கே ஒரு வரலாறு உண்டு

யாழ்ப்பாணத்தில் இதைப் பேசும்போது மறைக்கக்கூடாத சில விஷயங்கள்.

போர்க்காலத்து இராணுவச் சுற்றிவளைப்புகளில் சனத்தை மைதானத்திலோ கோயில் வீதியிலோ வரிசையாக நடக்கவிடுவார்கள். முகத்தை மூடிய ஒருவர் இருப்பார். அவர் தலையை ஆட்டினால் அந்த ஆள் தனியே எடுக்கப்படுவார், சிலர் திரும்பவில்லை. தலையாட்டி என்ற சொல் இங்கே உறைப்பது அதனால்தான். ஒரு தெரியாத பார்வை தன்மேல் கொஞ்ச நேரம் தங்கினால் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் இன்றும் நெளிவாரானால், அது கூச்சம் இல்லை.

"எவடம்?" என்ற கேள்விக்கும் இரண்டு முகம். அன்பாகக் கேட்பவர் உண்டு. ஊர், குறிச்சி, தகப்பன் பெயர் என்று படிப்படியாக இறங்கிச் சாதியைப் பிடிப்பதற்குக் கேட்பவரும் உண்டு, கேட்கப்படுபவருக்கு எந்தக் கேள்வி எங்கே போகிறது என்று முதல் சொல்லிலேயே தெரியும். மனிதரை வகைபிரித்துப் பார்க்கும் பழக்கம் இங்கே வெகுகாலம் இந்த வேலைக்குத்தான் பயன்பட்டது. "பார்த்தாலே தெரியும்" என்று சொல்லும் பெருமையில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம்.

பிறகு, பார்க்கும் உரிமை எல்லோருக்கும் சமமாக இல்லை. ஆண்பிள்ளைகள் சந்தி மதகில் மணிக்கணக்காகக் குந்தியிருக்கலாம். ஒரு பெண் அதே மதகில் பத்து நிமிடம் இருந்தால் அவளே ஊரின் புதினமாகிவிடுவாள். ஆகவே பெண்கள் பஸ் ஜன்னலிலிருந்தும், தேர்முட்டிப் படியிலிருந்தும், படலையில் ஒரு கையை வைத்தபடியும் பார்க்கிறார்கள், கையில் எப்போதும் ஒரு வேலையைச் சாட்டாக வைத்துக்கொண்டு. பார்க்கப்படுவதோ அவர்களுக்குக் கேளாமலே கிடைக்கிறது. ஒரு முகத்தில் கண் தங்குவதும் ஒரு தெருவில் கண் தங்குவதும் ஒன்றல்ல. பார்க்கப்படுபவர் திரும்பிப் பார்த்தால் கண்ணைத் தாழ்த்துங்கள், அவர் இடம் மாறினால் அது உங்களால் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, போன் கமரா. கண்ணால் கண்டது சாயந்தரத்துக்குள் மங்கிவிடும், முகம் மறந்து அசைவு மட்டும் மிஞ்சும். அந்த மங்கல்தான் பார்க்கப்பட்டவருக்கு இருந்த பாதுகாப்பு. படம் எடுத்துப் பகிர்ந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது: ஆயிரம் பேர் "ஆர் அது?" என்று கேட்பார்கள், யாராவது ஒருவர் பதிலும் சொல்வார். சந்தையில் விலை பேசி நின்ற ஒரு கிழவியைச் சிரிப்புக்காகப் பதிவுசெய்து போடுவது புதினம் பார்ப்பதன் புதிய வடிவம் இல்லை. அது விடுப்பு, அதுவும் ஊர் எல்லை இல்லாத விடுப்பு.

செய்து பார்க்க

1. ஒரு இடம், ஒரு நேரம் என்று பிடியுங்கள். பண்ணைப் பாலத்தடி பின்னேரம், ஒரு சந்தை வாசல், ஒரு பஸ் தரிப்பு. கால் மணித்தியாலம் போதும்.

2. ஒரே ஒரு கேள்வி வையுங்கள், எண்ணக்கூடியதாக. குடை பிடித்தவர் எத்தனை பேர், அதில் ஆண்கள் எத்தனை பேர்? தனியாகச் சைக்கிளில் போகிறவர் கூடவா, சோடியாகப் போகிறவர் கூடவா? "சனம் எப்படி இருக்கிறது" என்று பொதுவாகப் பார்த்தால் ஏற்கெனவே நினைத்திருந்ததுதான் தெரியும்.

3. எண்ணத் தொடங்குமுன் உங்கள் ஊகத்தை எழுதிவையுங்கள். எழுதாவிட்டால், முடிவு எதுவானாலும் "நான் அப்பவே நினைச்சேன்" என்றுதான் மனம் சொல்லும்.

4. ஒத்துவராததையும் எண்ணுங்கள். பையை நிலத்தில் வைத்தும் வாங்காமல் போனவர் எத்தனை பேர் என்பதுதான் உங்கள் விதிக்குச் சோதனை.

5. முகத்தைக் குறிக்காதீர்கள், பெயர் தெரிந்தால் எழுதாதீர்கள்.

6. ஒரு கிழமை போனதும் நீங்களும் அந்த இடத்துக்குப் பழகிய முகமாகிவிடுவீர்கள். கச்சான் விற்பவர் நீங்கள் கேட்காமலே சுருளை நீட்டுவார், சைக்கிளில் போகிற தாத்தா தலையசைப்பார். அதற்குப் பிறகு அங்கே எடுக்கும் எண்ணிக்கையில் நீங்களும் ஒரு ஆள். எண்ணிக்கைதான் வேண்டுமென்றால் வேறு இடம் பாருங்கள், இல்லாவிட்டால் கச்சானை வாங்கிக்கொண்டு அங்கேயே இருங்கள்.